எல்.இ.டி மாற்றியபின் இண்டிகேட்டர் மக்கர் செய்கிறதா? வரிசையாகக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

தைப்பூசம் நெருங்கினால் காரைக்குடி, பள்ளத்தூர், புதுவயல் பக்கமெல்லாம் வண்டி விளக்குகளை மாற்றும் வேலை சூடுபிடிக்கும். குன்றக்குடி வழியாகப் பழநிக்கு நடக்கிறவர்கள் விடியற்காலை இருட்டிலும் சாலையோரம் போய்க்கொண்டிருப்பார்கள். அவர்களுக்குச் சாப்பாடும் தண்ணீரும் கொண்டுபோகிற வண்டி எந்தப் பக்கம் ஒதுங்கப் போகிறது என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்காகத்தான் பலர் எல்.இ.டி போடுகிறார்கள். மறுநாளே, "அண்ணே, இண்டிகேட்டர் படபடன்னு அடிக்குது", "ஒரு பக்கம் போட்டா ரெண்டு பக்கமும் எரியுது" என்று வந்து நிற்பார்கள்.

பெரும்பாலும் ஒரே மாலையில் தீர்கிற கோளாறுதான். பார்க்க வேண்டிய வரிசை தெரியாமல் ரிலே (இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரியவைக்கும் ஃபிளாஷர்), ரெசிஸ்டர் (மின்தடை), பல்ப் என்று ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றுவதால்தான் சிக்கலாகிறது. கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள்.

1. பழைய பல்ப் சத்தமில்லாமல் செய்துவந்த வேலை

இழை பல்ப் வெளிச்சம் மட்டும் தரவில்லை. மின்சாரம் எர்த்துக்கு, அதாவது பேட்டரி நெகட்டிவோடு சேர்ந்த வண்டியின் இரும்புச் சட்டத்துக்குப் போக ஒரு தாராளமான வழியாகவும் இருந்தது. ஆறிப்போன 10 வாட் பல்பை மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள், ஒன்றிரண்டு ஓம்தான் காட்டும். கிட்டத்தட்ட வெறும் ஒயர் மாதிரி.

பைக்கில் ஒரு பக்கத்துக்கு 10 வாட் பல்ப் இரண்டு என்றால் சுமார் 1.7 ஆம்பியர் இழுக்கும். காரில் 21 வாட் இரண்டும் பக்கவாட்டில் 5 வாட் ஒன்றும் சேர்ந்து சுமார் 4 ஆம்பியர். எல்.இ.டி போட்டதும் இது பத்தில் ஒரு பங்குக்குப் பக்கமாக இறங்கிவிடும். வண்டியின் மற்ற பாகங்கள் பழைய பல்பை நம்பி அமைக்கப்பட்டவை. அதனால் எந்தக் கோளாறு வந்தாலும், "இந்த இடத்தில் பழைய பல்ப் என்ன செய்துகொண்டிருந்தது?" என்று முதலில் கேளுங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

2. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

மல்டிமீட்டர் ஒன்று. விலை குறைந்ததே போதும். திருப்புளி, 10 எம்.எம் ஸ்பேனர், உப்புத்தாள், இன்சுலேஷன் டேப், வெப்பத்தில் சுருங்கும் ஸ்லீவ், ஒரு மீட்டர் ஒயர்.

அப்புறம், கழற்றிய பழைய பல்புகள். இவற்றைத் தூக்கி எறிந்துவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம். ஒரு பழைய பல்புக்கு இரண்டு ஒயர் பற்றவைத்துக்கொண்டால் அதுதான் உங்கள் டெஸ்ட் லாம்ப். இந்த வேலையில் அதைவிட உதவுகிற கருவி வேறு இல்லை.

ஒயரில் கை வைப்பதற்கு முன் சாவியை அணையுங்கள். எதையாவது வெட்டப் போகிறீர்கள் என்றால் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள்.

3. பேட்டரியைப் பாருங்கள், பழைய பல்பைத் திரும்பப் போடுங்கள்

எஞ்சின் ஓடாதபோது பேட்டரி 12.4 வோல்ட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஓடும்போது 13.5க்கும் 14.5க்கும் இடையில் இருக்க வேண்டும். எங்கள் ஊர்களில் வெளியூரில் குடியிருந்துகொண்டு கல்யாணம், படைப்பு (குடும்ப வழிபாடு) என்று வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை வருகிறவர்களின் வண்டி மாதக்கணக்கில் கொட்டகையில் நிற்கும். அந்த வண்டிகளில் பேட்டரி இறங்கியிருக்கும், சில சமயம் எலி ஒயரைக் கடித்திருக்கும். அதைப் பார்க்காமல் எல்.இ.டியைக் குறை சொன்னால் நாள் முழுக்கத் தேட வேண்டியதுதான்.

பிறகு நான்கு மூலையிலும் பழைய பல்புகளைப் போட்டு ஓடவிடுங்கள். அப்போதும் கோளாறு இருந்தால் அது எல்.இ.டியால் வந்ததல்ல. முன்பே இருந்தது, இப்போது கண்ணில் பட்டிருக்கிறது. பழைய பல்பில் எல்லாம் ஒழுங்காக இருந்தால் மட்டும் எல்.இ.டியைத் திரும்பப் போடுங்கள். அதையும் ஒவ்வொன்றாகப் போடுங்கள். எந்த பல்பைப் போட்டதும் கோளாறு தொடங்குகிறது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

4. என்ன கோளாறு என்று பிரித்துச் சொல்லுங்கள்

"சரியா வேலை செய்யலை" என்று சொன்னால் யாராலும் உதவ முடியாது. கீழே உள்ளவற்றில் எது என்று பாருங்கள்.

ஒரு மூலை மட்டும் எரியவே இல்லை என்றால் பகுதி 6. எரிகிறது, ஆனால் படபடவென்று அடிக்கிறது, அல்லது அடிக்காமல் நிலையாக எரிகிறது என்றால் 7. ஒரு பக்கம் போட்டால் இரண்டு பக்கமும் மின்னுகிறது என்றால் 9. அணைந்திருக்க வேண்டிய நேரத்தில் மங்கலாக எரிகிறது என்றால் 10. கார் டேஷ்போர்டில் பல்ப் எச்சரிக்கை வருகிறது என்றால் 11.

எதுவாக இருந்தாலும் பகுதி 5ஐ முடித்துவிட்டுத்தான் அங்கே போக வேண்டும்.

5. எர்த்

நான் பார்த்த வண்டிகளில் ரிலே வாங்காமலேயே தீர்ந்தவை பல. காரணம் இதுதான்.

கோட்டையூரிலிருந்து ஒரு தம்பி வந்தான். அதற்குள் மூன்று ஃபிளாஷர் மாற்றியிருந்தான். பிரேக் பிடித்தால் பின்பக்க இண்டிகேட்டர் இரண்டும் மங்கலாக எரிந்தன. டெயில் லாம்ப் அடியில் எர்த் ஒயர் பிடிக்கும் போல்ட்டைக் கழற்றினோம். வாஷருக்குக் கீழே செம்மண் புழுதி களிம்பு மாதிரி அப்பியிருந்தது. அதற்கும் கீழே, வண்டிக்கு மறுபெயின்ட் அடித்தபோது விழுந்த கறுப்புப் பெயின்ட். உப்புத்தாளால் காசு அகலத்துக்கு இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, போல்ட்டை இறுக்கினோம். மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினோம். அவ்வளவுதான், நின்றுவிட்டது.

காரணம் இது. எர்த் மோசமாக இருந்தால் பிரேக் பல்பின் மின்சாரம் வேறு வழி தேடி இண்டிகேட்டருக்குள் புகும். பழைய பல்பாக இருந்தால் அந்தச் சொற்ப மின்சாரத்தில் இழை சூடேறக்கூட ஏறாது, நமக்குத் தெரியாது. எல்.இ.டிக்கு அதுவே எரியப் போதும்.

சோதிக்கும் விதம்: மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சியில் வையுங்கள். கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில், சிவப்பு முனை விளக்கின் எர்த் ஒயரில். இண்டிகேட்டரைப் போடுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை.

இந்தச் சோதனையைப் பழைய பல்ப் போட்டுத்தான் செய்ய வேண்டும். எல்.இ.டி இழுக்கிற மின்சாரம் குறைவு என்பதால் மோசமான எர்த்தும் அளவில் நல்ல எர்த் மாதிரியே தெரியும். நிறையப் பேர் ஏமாறுகிற இடம் இது.

கடையில் தனியாக வாங்கி மாட்டும் எல்.இ.டி இண்டிகேட்டர்களில் எர்த்துக்குத் தனி ஒயர் இருக்கும். பழையது உலோகத் தண்டு வழியாகவே எர்த் எடுத்திருக்கலாம். புதியதன் தண்டு ரப்பராகவோ பிளாஸ்டிக்காகவோ இருந்தால் அந்த ஒயரைச் சட்டத்தில் கட்டாயம் இணைக்க வேண்டும்.

6. ஒரு மூலை எரியவே இல்லை

எல்.இ.டிக்கு பிளஸ், மைனஸ் உண்டு. பழைய பல்புக்கு அது கிடையாது. கார் பார்க்கிங் விளக்கிலும் பக்கவாட்டு இண்டிகேட்டரிலும் வரும், அப்படியே செருகுகிற சின்ன டி10 வகை பல்பைக் கழற்றித் திருப்பிப் போடுங்கள். பாதிக்குப் பாதி அதிலேயே எரிந்துவிடும். ஒயர் வைத்த இண்டிகேட்டர் என்றால் இரண்டு ஒயரையும் மாற்றிக் கொடுத்துப் பாருங்கள்.

அதிலும் எரியவில்லை என்றால் ஹோல்டருக்கு மின்சாரம் வருகிறதா என்று டெஸ்ட் லாம்பை வைத்துப் பாருங்கள். அது மின்னினால் புது பல்பில்தான் கோளாறு, அல்லது ஹோல்டரின் நடு முனை பல்பைத் தொடவில்லை. எல்.இ.டி பல்பின் அடிப்பகுதி சில சமயம் கொஞ்சம் குட்டையாக வரும்.

காரில் ஆரஞ்சு நிற 21 வாட் பல்பின் பக்கவாட்டுக் குமிழ்கள் நேரெதிராக இருக்காது, சற்றுச் சாய்வாக இருக்கும். வெள்ளை பல்பில் நேரெதிராக இருக்கும். ஒன்று இன்னொன்றின் ஹோல்டரில் உட்காராதபடி வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். குமிழை அரத்தால் ராவித் திணிக்காதீர்கள். வண்டி குலுங்கும்போது கழன்றுவிடும். அதைவிட, இண்டிகேட்டர் ஆரஞ்சு நிறத்தில்தான் எரிய வேண்டும். கண்ணாடி ஆரஞ்சாக இருந்தாலும் ஆரஞ்சு எல்.இ.டியே வாங்குங்கள். வெள்ளை எல்.இ.டி போட்டால் பட்டப்பகலில் வெளுத்துப்போய்த் தெரியும்.

7. படபடவென்று அடிப்பதும் அடிக்காமல் நிற்பதும்

இரண்டுக்கும் மூலம் ஃபிளாஷர்தான்.

பழைய வகை ஃபிளாஷருக்குள் ஒரு உலோகத் தகடு மின்சாரத்தில் சூடேறி வளைந்து தொடர்பை விட்டுவிட்டுப் பிடிக்கும். எல்.இ.டியின் சொற்ப மின்சாரத்தில் தகடு சூடேறாது. அதனால் விளக்கு நிலையாக எரியும், அல்லது மிக மெதுவாக அடிக்கும்.

எலக்ட்ரானிக் வகை வேறு மாதிரி. மின்சாரம் குறைந்தால் ஒரு பல்ப் போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு, ஓட்டுகிறவருக்குத் தெரியட்டும் என்று ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் அடிக்கும். அது தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது.

உறுதிசெய்ய ஒரு நிமிடம் போதும். மக்கர் செய்யும் பக்கத்தில், எல்.இ.டியைக் கழற்றாமல், அதன் ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லாம்பைப் பிடியுங்கள். வேகம் இயல்பானால் சுமை, அதாவது விளக்குகள் இழுக்கிற மின்சாரம், போதாததுதான் காரணம். மாறவே இல்லையென்றால் ஃபிளாஷரை வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள், ஸ்விட்சையும் ஒயரையும் பாருங்கள்.

தீர்வு, எல்.இ.டிக்கென்று வரும் ஃபிளாஷர். அது சுமையைப் பார்க்காது. ஒரே வேகத்தில் அடிக்கும். பைக்கில் பழைய ஃபிளாஷர் சீட்டுக்கு அடியிலோ டேங்குக்கு அடியிலோ பக்கவாட்டு மூடிக்குள்ளோ இருக்கும். ஸ்கூட்டரில் பெரும்பாலும் முன்பக்க மூடிக்குப் பின்னால். இண்டிகேட்டரைப் போட்டுவிட்டுக் காதை வைத்து, டிக் டிக் சத்தம் வருகிற இடத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள். துடிப்பு தெரியும்.

பழையதன் முனைகளை எண்ணுங்கள். இரண்டு முனை என்றால் பி, எல் என்று போட்டிருக்கும். பி-க்கு சாவியிலிருந்து வரும் மின்சாரம், எல்-லிலிருந்து ஸ்விட்சுக்கு. மூன்றாவது முனை இ என்றால் எர்த். காரில் இவற்றையே 49, 49ஏ, 31 என்று குறித்திருப்பார்கள்.

இங்கே இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஒன்று, பி-யையும் எல்-லையும் மாற்றிக் கொடுப்பது. தகடு வகைக்கு எப்படிக் கொடுத்தாலும் ஓடும், எலக்ட்ரானிக் வகைக்கு ஓடாது. இன்னொன்று, மூன்று முனை ஃபிளாஷரை வாங்கி எர்த் முனையை வெறுமனே விட்டுவிடுவது. முனைகளின் இடம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். ஆகையால் ஒயரைப் பிடுங்குமுன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இண்டிகேட்டருடன் பீப் சத்தம் போடும் பஸ்ஸர் வெளியில் மாட்டியிருந்தால் சோதனை முடியும்வரை அதைக் கழற்றி வையுங்கள். அதுவும் இடது வலது ஒயர்களில்தான் தொற்றிக்கொண்டிருக்கும், நமக்குக் குழப்பம் தரும்.

8. ரெசிஸ்டர் எப்போது, எப்படி

ஃபிளாஷரை மாற்ற முடிகிற வண்டியில் ரெசிஸ்டர் வேண்டாம் என்பது என் கருத்து. எல்.இ.டியால் மிச்சமான மின்சாரத்தை அது சூடாக்கிக் கரைத்துவிடும். ஃபிளாஷர் தனியாக இல்லாத கார்களுக்குத்தான் அது.

21 வாட் பல்ப் ஒன்றுக்கு ஈடாக 6 ஓம், 50 வாட் ரெசிஸ்டர் ஒன்று. இண்டிகேட்டர் ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவே, பல்புக்கு இணையாகக் கொடுக்க வேண்டும். வரிசையில் நடுவே கொடுத்தால் பிரயோஜனம் இல்லை.

14 வோல்ட்டில் அதில் 30 வாட்டுக்கு மேல் சூடாகப் போகும். தொட்டால் கை பொத்துவிடும். ஹசார்ட் (நான்கு இண்டிகேட்டரும் ஒன்றாக அடிப்பது) போட்டுவிட்டு வண்டியை நிறுத்தினால் சூடு ஏறிக்கொண்டே இருக்கும். 50 வாட் தாங்கும் என்று போட்டிருப்பது கனமான உலோகத்தில் திருகிப் பொருத்தினால் மட்டுமே பொருந்தும்.

ஒருமுறை ஒரு வேனின் பின்விளக்கைக் கழற்றினேன். ரெசிஸ்டரை டேப் சுற்றி விளக்கின் முதுகிலேயே ஒட்டியிருந்தார்கள். பிளாஸ்டிக் மெழுகு மாதிரி வழிந்து, டேப் கரிந்து, உள்ளே செம்பு தெரிந்தது. பக்கத்தில் ஒரு விரல் அகல இடைவெளியில் பெட்ரோல் குழாய். அன்றிலிருந்து யார் ரெசிஸ்டர் போட்டாலும் நான் முதலில் பார்ப்பது அது எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான். பாடியின் இரும்பில் இரண்டு திருகு போட்டுப் பிடியுங்கள். ஒயரோ பிளாஸ்டிக்கோ அருகில் இருக்கக் கூடாது.

9. ஒரு பக்கம் போட்டால் இரண்டு பக்கமும்

புதிதாகக் கை வைக்கிறவர்களை மிகவும் அலைக்கழிப்பது இது. ஃபிளாஷரை மாற்றிய பிறகுதான் பெரும்பாலும் தலைகாட்டும். அதனால் புது ஃபிளாஷர் மோசம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

உங்கள் பைக் மீட்டரில் இடதுக்கும் வலதுக்கும் சேர்த்து ஒரே ஒரு இண்டிகேட்டர் விளக்கு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதன் ஒரு ஒயர் இடது பக்கத்தோடும் இன்னொரு ஒயர் வலது பக்கத்தோடும் சேர்ந்திருக்கும். எர்த் கிடையாது. இடது போட்டால் மின்சாரம் மீட்டர் விளக்குக்குள் புகுந்து, அணைந்திருக்கும் வலது பல்புகளின் இழை வழியாக எர்த்தைப் பிடிக்கும். பழைய பல்புக்கு அந்தச் சொற்ப மின்சாரம் உறைக்கவே உறைக்காது. அந்த இடத்தில் எல்.இ.டியைப் போட்டதும் அது எரியத் தொடங்குகிறது.

வெட்டுமுன் உறுதிசெய்யுங்கள். மீட்டர் விளக்கின் பல்பை மட்டும் கழற்றிவிட்டு இண்டிகேட்டரைப் போடுங்கள். எதிர்ப்பக்கம் நின்றுவிட்டால் காரணம் இதுதான். நிற்கவில்லையா? பிறகு பொருத்திய ஹசார்ட் ஸ்விட்ச் இருந்தால் அதைக் கழற்றிப் பாருங்கள். அதுவும் இரண்டு பக்கத்தையும் இணைப்பதுதான்.

தீர்வுக்கு 1என்4007 டையோடு இரண்டு வேண்டும். ஒன்று 1 ஆம்பியர் தாங்கும். மீட்டர் விளக்குக்குக் கால் ஆம்பியர்கூடத் தேவைப்படாது. டையோடின் ஒரு முனையில் வெள்ளிக் கோடு இருக்கும். மின்சாரம் கோடு இல்லாத பக்கம் நுழைந்து கோட்டுப் பக்கம் வெளியே வரும், திரும்பாது.

மீட்டர் விளக்கின் இரண்டு ஒயரையும் வெட்டுங்கள். இடது ஒயரில் ஒரு டையோடின் கோடு இல்லாத முனை, வலது ஒயரில் இன்னொன்றின் கோடு இல்லாத முனை. கோடு உள்ள இரண்டு முனைகளையும் சேர்த்து முறுக்கி, மீட்டர் விளக்கின் ஒரு ஒயரில் கொடுங்கள். விளக்கின் மற்ற ஒயரைச் சட்டத்தில் எர்த் செய்யுங்கள். இனி எந்தப் பக்கம் போட்டாலும் மீட்டர் விளக்கு எரியும், எதிர்ப்பக்கத்துக்கு வழி இருக்காது.

வெறுமனே முறுக்கி டேப் சுற்றுவதோடு விடாதீர்கள், பற்றவையுங்கள். எங்கள் பக்கத்து வெயிலில் ஹெட்லைட் டூமுக்குள் டேப்பின் பசை இளகி வழிந்துவிடும். ஒவ்வொரு டையோடின் மேலும் ஸ்லீவ் போட்டுச் சுருக்குங்கள்.

முடித்ததும் மீட்டர் விளக்கு எரியவே இல்லை, வெளியே விளக்குகள் ஒழுங்கு என்றால் இரண்டு டையோடும் தலைகீழ். ஒரு பக்கத்துக்கு மட்டும் எரிந்தால் ஒன்று தலைகீழ். மீட்டர் விளக்கும் எல்.இ.டி என்றால் அதன் பிளஸ் டையோடு பக்கம் இருக்க வேண்டும். மீட்டரில் இடம் வலம் என்று தனித்தனி அம்புக்குறி உள்ள வண்டிகளுக்கு இந்த வேலை பொதுவாகத் தேவைப்படாது.

10. அணைய வேண்டிய நேரத்தில் மங்கலாக எரிவது

எப்போது எரிகிறது என்று பாருங்கள். இண்டிகேட்டரே போடாமல், பிரேக் பிடிக்கும்போதோ பார்க்கிங் விளக்கு போடும்போதோ எரிந்தால் எர்த். பகுதி 5க்குத் திரும்புங்கள்.

இண்டிகேட்டர் அடிக்கும்போது நடுவே முழுதாக அணையாமல் மங்கலாக நின்றால் இரண்டு முனை ஃபிளாஷர்தான் காரணம். அதற்கு எர்த் இல்லாததால் தான் இயங்கத் தேவையான மின்சாரத்தை விளக்குகள் வழியாகவே எடுத்துக்கொள்ளும். எர்த் உள்ள மூன்று முனை ஃபிளாஷருக்கு மாறுவது சிறந்தது. இல்லையென்றால் அந்தப் பக்கத்து ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவே 470 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்று கொடுத்துப் பாருங்கள். இது சின்னது, அரை வாட்கூடக் கரைக்காது. சூட்டுக்குப் பயப்பட வேண்டாம்.

11. கம்ப்யூட்டர் உள்ள கார்கள்

புதிய கார்கள் பலவற்றில் ஃபிளாஷர் என்று கழற்றக்கூடிய பொருளே இல்லை. பாடி கன்ட்ரோல் மாட்யூல் என்ற கம்ப்யூட்டர்தான் அடிக்க வைக்கிறது, டிக் டிக் சத்தம்கூட ஸ்பீக்கரிலிருந்து வருவதாக இருக்கும். அங்கே ஒயரை வெட்டி ஃபிளாஷர் நுழைக்கப் பார்க்காதீர்கள். ஒரு ஷார்ட் ஆனால் போகிற பொருளின் விலை பல்பைப் போல் பல மடங்கு.

கேன்பஸ் என்று போட்டு விற்கும் பல்புகளுக்குள் ரெசிஸ்டர் இருக்கும். முதலில் ஒரு மூலைக்கு மட்டும் வாங்கிப் பாருங்கள். பத்து நிமிடம் ஹசார்டில் விட்டு ஹோல்டரின் சூட்டைக் கவனியுங்கள். சில மாடல்களில் சர்வீஸ் சென்டரிலேயே மாட்யூலின் அமைப்பை எல்.இ.டிக்கு மாற்ற முடியும். வாரண்டி உள்ள வண்டி என்றால் எதையும் தொடுவதற்கு முன் அங்கே கேட்டுவிடுங்கள்.

12. கடைசிச் சோதனை

பொழுது சாய்ந்ததும் சுவரைப் பார்த்து வண்டியை நிறுத்துங்கள். 15 நொடி எண்ணுங்கள். 15க்குக் குறையாமல் 30ஐத் தாண்டாமல் அடிக்க வேண்டும். நிமிடத்துக்கு 60 முதல் 120 வரை என்பதுதான் அளவு. ஃபிளாஷரில் வேகம் மாற்றும் திருகு இருந்தால் 80, 90 பக்கம் வையுங்கள்.

இடது, வலது, ஹசார்ட், ஒவ்வொன்றையும் பிரேக் பிடித்தும் பிடிக்காமலும், ஹெட்லைட் போட்டும் போடாமலும், எஞ்சின் ஓடும்போதும் நின்றபோதும் பாருங்கள். ஹாண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். இழுபடுகிற ஒயர் அப்போதுதான் தெரியும்.

மறுநாள் பகல் பன்னிரண்டு மணி வெயிலில் ஒருவரை இருபதடி தள்ளி நிறுத்தி, நேராகவும் பக்கவாட்டிலும் தெரிகிறதா என்று கேளுங்கள். சில எல்.இ.டி நேர் முன்னால் கண்ணைப் பறிக்கும், பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அப்படிப்பட்டது எத்தனை பிரகாசமானாலும் வேண்டாம், மாற்றுங்கள்.

இன்னொன்று. பழைய பல்பின் சூடு விளக்குக்குள் சேரும் ஈரத்தை உலர்த்திக்கொண்டிருந்தது. எல்.இ.டிக்கு அந்தச் சூடு இல்லை. மூடும்போது ரப்பர் வாஷர் வெடித்திருக்கிறதா என்று பார்த்து, வெடித்திருந்தால் புதிது போடுங்கள். முதல் மழைக்குப் பிறகு கண்ணாடிக்குள் பனி படிந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். கழற்றிய பழைய பல்ப் இரண்டைத் துணியில் சுற்றி, நீங்கள் மாற்றிய ஒயர்களின் நிறத்தை எழுதிய தாளோடு சேர்த்து, சீட்டுக்கு அடியில் போட்டு வையுங்கள்.